மறு: ‘போஸ்டரைஸ்’ என்பதற்கு ‘நிறப்பாத்தி’

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு படத்தின் நிறப்படிகளைக் குறைத்துத் தட்டையாக்கும் வேலையை ஆங்கிலத்தில் ‘போஸ்டரைஸ்’ (posterize) என்கிறார்கள். அதற்குத் தமிழாகச் சென்ற மடலில் வந்த ‘சுவரொட்டியாக்கம்’ எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு கிழமையாக ஒரு படத்தோடுதான் இருக்கிறேன். நியூயோர்க்கிலிருந்து மருமகன் அனுப்பியது. செங்கல் சுவர், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கறுப்புக் கதவு, அதற்கு மேல் மஞ்சள் மின்குமிழ். உள்ளே மதுக்கூடமாம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது இப்படி ஒளித்து நடத்தினார்கள். இப்போது சட்டப்படி நடத்துகிறவர்களும் அந்த அழகுக்காகவே வாசலை மறைக்கிறார்கள். (ஆங்கிலத்தில் ‘ஸ்பீக்ஈசி’ (speakeasy) எனும் இதற்கு ‘மறைதவறணை’ போதும். மதுக்கடைக்குத் தவறணை என்ற சொல் நம்மிடம் புழங்கும்போது ‘இரகசிய மதுபான அருந்தகம்’ என்று ஏன் நீட்ட வேண்டும்?)

மட்டக்களப்பில் என் மேசையில் வைத்து, படம் திருத்தும் கிம்ப் (GIMP) மென்பொருளில் அதை ஓவியமாக்கப் பார்த்தேன். சாதாரணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். ஒவ்வொன்றையும் நான்கு படியாகக் குறைத்தால் மொத்தம் 64 (4×4×4) நிறம்தான் மிஞ்சும். மின்குமிழைச் சுற்றி மெல்ல மங்கிப்போன வெளிச்சம் வளையம் வளையமாக உடைந்தது. சுவர் ஒரே இருட்டு. கதவின் கைபிடியைக் காணவில்லை. அப்புறம் ஆறாக்கினேன். கைபிடியின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு மஞ்சள் வந்தது. அங்கே ஒரு கதவு இருப்பதே அந்தக் கீறலால்தான் தெரிகிறது. அதோடு நிறுத்திவிட்டேன்.

இதில் சுவரொட்டி எங்கே வந்தது? சில மைகளை மட்டும் வைத்து அச்சடித்த சுவரொட்டிகளின் தோற்றத்தால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நம் பிள்ளைகளுக்கோ, படத்தைச் சுவரில் ஒட்டப்போகிறோம் என்றுதான் விளங்கும். உண்மையில், ஓடிக்கொண்டிருக்கும் நிறத்தை மறித்து, துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் ஒரே மட்டமாக்குகிறோம். வளவில் கீரைக்குப் பாத்தி கட்டுவதும் இதே வேலைதான்.

ஆகவே ‘நிறப்பாத்தி கட்டல்’. இரண்டு நிறம் முட்டும் இடம் ‘வரம்பு’. படிகளின் எண்ணிக்கை ‘பாத்தி எண்’. “இதை ஆறு பாத்தியாகக் கட்டு” என்று என்னிடம் படிக்கும் மாணவியிடம் சொன்னேன். விளக்கம் கேட்காமலே செய்து காட்டினாள்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் செய்யும் குடும்பத்தார் யாராவது இங்கே இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். வரம்புக்கும் வரம்புக்கும் இடைப்பட்ட துண்டை உங்கள் வீட்டில் என்ன சொல்லி அழைப்பீர்கள்? அது பாத்தியைவிடப் பொருந்தினால் சரி, மாற்றிக்கொள்வேன்.