டெஸ்க்டாப் காலம் முடிந்ததா? மூன்று பழைய விண்டோஸ் 10 மெஷின்களை என்ன செய்யலாம்?

தட்டச்சன் (கேள்வி)

வணக்கம். டிடிபி, ஜிஎஸ்டி தாக்கல், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றும் நடக்கிற சின்னக் கடை. மூன்று டெஸ்க்டாப். மூன்றும் ஐ5-6500, எச்110 போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10.

முதல் மெஷினில் டேலி பிரைம் (கணக்கு எழுதும் நிரல்), டிஜிட்டல் கையொப்ப டோக்கன், எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இரண்டாவதில் பேஜ்மேக்கர் 7 (பக்க வடிவமைப்பு நிரல்), யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள். மூன்றாவதில் பிரவுசர், வாட்ஸ்ஆப், கைரேகைக் கருவி, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது. 11 ஏற்றப் போனால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்கிறது. டெஸ்க்டாப்பே ஒழிந்துகொண்டிருக்கிறது, இனி போனையே மானிட்டரில் மாட்டி வேலை பார்த்துவிடலாம், அதில் பணம் போடாதே என்று பலரும் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? எதில் பணம் போடலாம்?

குறிஞ்சிவேந்தன்

முதலில் அந்த "ஒழிகிறது" கணக்கைப் பார்ப்போம். எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஸ்டேட்கவுன்டர் என்ற இணையப் புள்ளிவிவர நிறுவனத்தின் 2016 அக்டோபர் எண். உலக அளவில் இணையம் பார்ப்பதில் மொபைலும் டேப்லட்டும் சேர்ந்து 51.3 சதவீதம், டெஸ்க்டாப் 48.7. இதில் டெஸ்க்டாப் என்ற தலைப்புக்குள் லேப்டாப்பும் அடங்கும். தவிர, அது எண்ணுவது பக்கங்களைத் திறப்பதை. நாள் முழுக்க டேலியில் வவுச்சர் போடுகிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

விற்பனை குறைந்தது உண்மைதான். 2011இல் உலகெங்கும் சுமார் 35 கோடி பிசி போயின, 2023இல் சுமார் 26 கோடி. அதிலும் பெரும்பங்கு லேப்டாப். ஆக, சுருங்கியிருப்பது மேசைக்கடியில் நிற்கும் டவர் பெட்டி. கீபோர்டு, மவுஸ், பெரிய திரை என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது.

போனை டெஸ்க்டாப் ஆக்கும் முயற்சியும் புதிதில்லை. 2011இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸ், 2015இல் மைக்ரோசாஃப்டின் லூமியா 950இல் கன்டினியூவம், உபுன்டு போன் என்று வரிசையாக வந்தன. உபுன்டு 2017இல் கைவிட்டது, விண்டோஸ் மொபைலும் பின்னாலேயே போய்விட்டது. கன்டினியூவத்தில் திரை பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் சாதாரண விண்டோஸ் நிரல் ஒன்றுகூட ஓடாது. அங்கேதான் அது விழுந்தது. இன்றைக்கு சாம்சங்கின் டெக்ஸ், ஆண்ட்ராய்டு 16 டெஸ்க்டாப் முறை இரண்டும் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் முதல் இரண்டு மெஷின்களுக்கும் அதே தடை அப்படியே நிற்கிறது. டேலியும் பேஜ்மேக்கரும் விண்டோஸ் நிரல்கள்.

நெய்தல்_செல்வி

போன் வழியை யோசிப்பவர்கள் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே எல்லாப் போனிலிருந்தும் மானிட்டருக்குப் படம் போகாது. அந்த போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் வர வேண்டும். நடுத்தர விலைப் போன்கள் பெரும்பாலானவற்றில் யூஎஸ்பி 2.0 இணைப்புதான். எச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டினால் சார்ஜ் ஏறும், மவுஸ் ஓடும், மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". அடாப்டரைக் குறை சொல்லி இரண்டாவதும் வாங்குவார்கள்.

சாம்சங்கில் எஸ் வரிசை (2017இன் எஸ்8 முதல்), டேப் எஸ் வரிசையில் பெரும்பாலானவை சரி. பட்ஜெட் ஏ வரிசையை இதற்கென்று வாங்க வேண்டாம். பிக்சலில் 8 முதல் படம் வரும். ஐபோன் 15 முதல் படம் வரும், ஆனால் போன் திரையின் நகல்தான், தனி டெஸ்க்டாப் கிடையாது.

மாட்டும்போது நேரடி கேபிள் வேண்டாம். பிடி சார்ஜிங் (படம் போகும்போதே போனுக்கும் சார்ஜ் ஏற்றும் வசதி) உள்ள ஹப் வைத்து, அதற்கு 45 வாட்டுக்குக் குறையாத சார்ஜரைக் கொடுங்கள். ஹப்பே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும். 15 வாட் சார்ஜர் கொடுத்தால் வேலை நடக்க நடக்க பேட்டரி இறங்கும், சில ஹப்களில் படம் விட்டுவிட்டு வரும். நாள் முழுக்க மாட்டியே வைத்தால் பேட்டரி சூட்டில் உப்பும். பேட்டரி பாதுகாப்பு அமைப்பில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துவிட்டு, உறையைக் கழற்றி வையுங்கள்.

கைரேகைக் கருவிக்கு ஆர்டி சர்வீஸ் (ஆதார் சரிபார்ப்புக்கு வேண்டிய துணை நிரல்) ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஓடிஜி கேபிளில் வேலை செய்யும். ஆகவே மூன்றாவது மெஷினின் வேலையைப் போனுக்கோ டேப் எஸ்ஸுக்கோ மாற்றலாம். ஒரே இடைஞ்சல், சில அரசுத் தளங்களின் கோப்பேற்றம். 200 கேபிக்குள் பிடிஎஃப், 50 கேபிக்குள் போட்டோ என்று கேட்கும்போது ஸ்கேனரிலிருந்து எடுத்து, வெட்டி, சுருக்கி ஏற்றுவது போனில் நான்கு ஆப் தாண்டும் வேலை. கூட்ட நேரத்தில் வரிசை நின்றுவிடும்.

வன்பொருள்வாசு

அந்த ஐ5-6500ஐத் தூக்கிப்போட அவசரம் இல்லை. அது 6ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் 8ஆம் தலைமுறை, ரைசனில் 2000 வரிசை முதல், கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட். பயாஸில் பிடிடியை (இன்டெல் தன் சிப்பிலேயே தரும் டிபிஎம்) ஆன் செய்தால் டிபிஎம் 2.0 வந்துவிடலாம், அப்போதும் சிபியு பட்டியலில் இல்லாததால் தடுக்கும். ரூஃபஸ் என்ற நிரலில் பென் டிரைவ் தயாரித்து அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்ற முடியும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியே இருக்கிறது, வருடாந்திரப் பெரிய பதிப்பும் தானாக வராது. பணம் புழங்குகிற டேலி மெஷினில் இதைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் போனால் "என்ரோல் நவ்" என்று வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டாலர். ஒரே கணக்கில் 10 மெஷின் வரை சேர்க்கலாம், உங்கள் மூன்றும் அடங்கிவிடும்.

மெஷின் ஆமை மாதிரி நகர்வதற்குக் காரணம் அந்த ஹார்டு டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். எச்110 போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட்டே கிடையாது, கவரைத் திறந்து பார்க்காமல் என்விஎம்இ (அந்த ஸ்லாட்டில் செருகும் எஸ்எஸ்டி) வாங்கிவிடாதீர்கள். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுத்து க்ளோன் செய்தபின் முதல் தடவை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டிஸ்க் அடையாள எண் இருக்கும். சேர்த்து மாட்டினால் ஒன்றை விண்டோஸ் ஆஃப்லைனில் தள்ளும், அல்லது பழையதிலிருந்தே பூட் ஆகி, க்ளோன் பலிக்கவில்லை என்று நினைக்க வைக்கும்.

கவர் திறந்த கையோடு போர்டில் தேதி-நேரத்தைக் காக்கும் சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பின்னால் போகும். உடனே ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும். நெட் போய்விட்டது, வைரஸ் என்று அலைவார்கள்.

தட்டச்சன்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மின்சாரம், இடம் இரண்டையும் பார்த்தால் மினி பிசி வாங்கலாமா? பேஜ்மேக்கர் கோப்புகளை எப்படிக் காப்பாற்றுவது? கடை கூட்டுப் பங்கு நிறுவனம் இல்லை, தனி உரிமைதான். சில வாடிக்கையாளர்கள் பிரைவேட் லிமிடெட்.

குறிஞ்சிவேந்தன்

தனி உரிமைக் கடையின் ஜிஎஸ்டி ரிட்டர்னை போனுக்கு வரும் ஓடிபி வைத்தே, இவிசி முறையில், தாக்கல் செய்யலாம், டோக்கன் வேண்டாம். கம்பெனி, எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் டிஜிட்டல் கையொப்பம்தான். அதற்கு எம்சைனர் நிரல் கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டோக்கனைப் போனில் செருகிப் பயனில்லை. அந்த வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை ஒரு விண்டோஸ் மெஷின் இருந்தே ஆக வேண்டும்.

பேஜ்மேக்கர் மெஷினில் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வெளியே போக வேண்டியதெல்லாம் பிடிஎஃப் ஆகப் பென் டிரைவில் போகட்டும். யூனிகோடுக்கு மாற்றும்போது மொத்தக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றியில் போடாதீர்கள். மாற்றிக்கு எது பாமினி, எது ஆங்கிலம் என்று தெரியாது, "ஜிஎஸ்டிஐஎன்", மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான் என்பதால் உண்மையான அரைப்புள்ளிகளும் மெய்யெழுத்தாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே எடுத்து மாற்றி, ஸ்கிரைபஸ் 1.6, இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு நிரல் ஒன்றில் புதிதாகப் பக்கம் அமைப்பதே நல்லது. அடிக்கடி திரும்ப வரும் கோப்புகளுக்கு மட்டும் இந்த உழைப்பைப் போடுங்கள். திருமணப் பத்திரிகை வார்ப்புகள், பில் புத்தகங்கள் முதலில்.

வன்பொருள்வாசு

மினி பிசி உங்கள் மூன்றாவது இடத்துக்குப் பொருத்தம். இன்டெல் என்100 சிப் போட்டது பிரவுசர், பில், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் தாங்கும், விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. சும்மா இருக்கும்போது 10 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். பழைய டவர் அதே நிலையில் 30 முதல் 50 வாட். சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, காகிதக் கணக்கில் 84 வாட்-அவர். டவரும் மானிட்டரும் சேர்ந்தால் கால் மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம். மினி பிசியும் 19 அங்குல மானிட்டரும் என்றால் கரன்ட் போனாலும் பாதியில் நின்ற விண்ணப்பத்தை நிதானமாக முடிக்கலாம்.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். ரேம் போர்டிலேயே ஒட்டியதா, ஸ்லாட்டில் இருக்கிறதா? (என்100இல் ஒரே ஸ்லாட்தான் வரும். ரேம் விலை 2025 கடைசியில் ஏறத் தொடங்கியதால் முதலிலேயே 16 ஜிபியாக வாங்கிவிடுங்கள்.) அடாப்டர் 12 வோல்ட் வட்டப் பின்னா, டைப்-சியா? வட்டப் பின் என்றால் அடாப்டர் போகும் நாளில் வோல்ட், ஆம்பியர், பின் அளவு, பிளஸ்-மைனஸ் நான்கும் பொருந்த வேண்டும், ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் போர்டை எரித்துவிடக் கூடாது. மூன்றாவது விண்டோஸ் உரிமம். பெயர் தெரியாத பிராண்டுகள் சிலவற்றில் நிறுவனங்களுக்கான வால்யூம் உரிமத்தை ஏற்றி அனுப்புகிறார்கள், கொஞ்ச நாளில் ஆக்டிவேஷன் போய்விடும். கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ (slmgr /dli) என்று அடித்தால் வரும் பெட்டியில் "ஓஇஎம்" அல்லது "ரீடெய்ல்" என்று இருக்க வேண்டும். "வால்யூம்" என்று இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

டேலி மெஷினுக்கு மினி பிசி போடுவதாக இருந்தால் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். எல்எக்ஸ்-310 என்றால் யூஎஸ்பி இருக்கிறது, கவலையில்லை. அதற்கு முந்தைய, பேரலல் போர்ட் மட்டும் உள்ள மாடல் என்றால் அந்த ஓட்டை மினி பிசியில் கிடையாது. யூஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கி, டேலியிலிருந்து நான்கு பில் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.