மறு: மறு: "முதியோர் கொடுமை" – யார் யாருக்குச் செய்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பத்து நாளாக ஓடும் இழை இது. கேள்வியைப் போட்டுவிட்டு நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் பெண்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் தயாராகிறது. வயதான பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும் "எல்டர் அப்யூஸை" எப்படிக் கண்டுகொள்வது, எப்படித் தடுப்பது என்பது அதன் பொருள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது நம்பியிருக்கிற உறவுக்குள்ளேயே முதியவருக்கு நேரும் தீங்குக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் என் கேள்வி. ஆஸ்திரியச் செஞ்சிலுவைச் சங்கம் முன்னின்று ஐரோப்பாவில் நடத்திய திட்டமும் இதே ஆட்களைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. பல வீடுகளில் உள்ளே கால் வைக்கிற ஒரே வெளியாள் இவர்கள்தானே.

முதல் மடலில் நான் வைத்த சொல் "முதியோர் கொடுமை". ஜூன் 15, இதற்கான உலக விழிப்புணர்வு நாள், வந்தால் நாளிதழ்களிலும் இதுதான் தலைப்பு. அதை இன்று நானே திரும்பப் பெறுகிறேன். காரணம், போன வியாழக்கிழமை ஆதம்பாக்கத்தில் நடந்தது.

நம் குழுவில் இருக்கும் செவிலியர் அக்காவுடன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை. பாட்டிக்கு 78 வயது. நான் மொழிபெயர்த்த கேள்வித்தாளை அக்கா அப்படியே வாசித்தார்: "உங்களுக்கு வீட்டில் கொடுமை ஏதாவது நடக்கிறதா?" பாட்டிக்குக் காது மந்தம். அக்கா உரக்கத் திருப்பிச் சொன்னதில் அவர் காதில் விழுந்தது "வீட்டில் கொடுமை" மட்டும்தான். முகம் மாறிவிட்டது. "நானா? நான் எதுக்கும்மா மருமகளைக் கொடுமைப்படுத்தப் போறேன்? யார் சொன்னா அப்படி?" சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்களால் எதுவும் கேட்க முடியவில்லை. காபி மட்டும் குடித்தோம்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. "மாமியார் கொடுமை" என்றால் மாமியார் செய்வது. "சித்தி கொடுமை" சித்தி செய்வது. "வெயில் கொடுமை", "வரதட்சணைக் கொடுமை" எதை எடுத்தாலும் முன்னால் நிற்பதுதான் கொடுமைக்கு வேர். அந்த வரிசையில் "முதியோர் கொடுமை" போய் உட்கார்ந்தால் பாட்டி குற்றவாளி ஆகிவிடுகிறார். அதிலும், மாமியாராக இருக்கும் ஒரு பெண்ணிடம் இந்தச் சொல்லைக் கேள்வியாக நீட்டுவதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது.

இனி உங்கள் மடல்களுக்கு.

> "வன்கொடுமை" என்றால் குழப்பம் தீர்ந்துவிடுமே.

தீராது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குச் சாதி சார்ந்த ஒரு கனமான வரலாறு இருக்கிறது. போதாக்குறைக்குச் செய்தித்தாள்கள் அதைப் பாலியல் குற்றத்துக்கு எழுதி எழுதி வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டன. மாத்திரை தர மறந்ததை இந்தச் சொல்லால் குறிக்க முடியுமா?

> துஷ்பிரயோகம்

வேண்டாம். பதவியை, வாகனத்தை, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம். பாட்டி பயன்படுத்துகிற பொருள் இல்லை.

> "முதியோர் வதை". "மிருகவதை" போல, முன்னால் நிற்பவர் துன்பப்படுபவர் என்பது தெளிவாகத் தெரியும்.

புலவர் ஐயா, இலக்கணப்படி உங்கள் பக்கம்தான் நியாயம். என்னுடைய கொடுமைச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்துவிட்டீர்கள். இரண்டு நாள் இதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, வதை என்றால் யாரோ கையை ஓங்கியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட 2002 டொராண்டோ அறிவிப்பின் வரையறையில் செய்வது எவ்வளவு முக்கியமோ, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அவ்வளவு முக்கியம். ஒரு தடவை நடந்தாலும் கணக்குதான். நம்பி இருக்கிற உறவுக்குள் நடக்க வேண்டும், முதியவருக்குத் தீங்கோ மனவேதனையோ வர வேண்டும். அதனால் தெருவில் செயினை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன் இதில் வரமாட்டான். அம்மாவின் ஏடிஎம் கார்டைத் தன் சாவிக்கொத்தோடு வைத்துக்கொண்டிருக்கும் மகன் வருவார்.

ஆதம்பாக்கத்துப் பாட்டிக்குக் காது மெஷின் இருக்கிறது. அலமாரியில், வாங்கின டப்பாவிலேயே இருக்கிறது. பேட்டரி தீர்ந்து மூன்று மாதமாம். "சொல்லியிருக்கேன், வாங்கிட்டு வருவான்" என்றார். யாரும் அவரை வதைக்கவில்லை. வேளைக்குச் சோறு வருகிறது. ஆனால் மூன்று மாதமாக அந்த வீட்டில் யார் பேசுவதும் அவருக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது இடி, பயிற்சிக்கு வரும் பெண்களைப் பற்றியது. முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பேர் கடந்த ஓராண்டில் தாங்களே ஒரு முறையாவது முதியவர்களுக்கு இந்த மாதிரித் தீங்கு செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தொகுத்து வெளியிட்ட கணக்கு இது. பயிற்சி என்றால் அடுத்தவர் வீட்டுக் குற்றத்தைத் துப்பறிவது மட்டும் இல்லை, தன் கையையும் பார்த்துக்கொள்வது. "நான் வதை செய்தேன்" என்று எந்தப் பெண் எழுந்து நின்று சொல்வாள்?

ஆகவே என் முன்மொழிவு: பேணற்கேடு.

பேணல், கேடு இரண்டும் சேர்ந்தது. கடற்கரை மாதிரிதான் புணர்ச்சி. சீர்கேடு, மானக்கேடு, சுற்றுச்சூழல் கேடு எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது கெட்டுப்போகிறது. இங்கே கெட்டுப்போனது பேணல். அடித்தாலும் கெடும், அடிக்காமல் மூன்று மாதம் பேட்டரி வாங்காமல் விட்டாலும் கெடும். உறவுக்குள் நடப்பது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பேண வேண்டியவர் என்று ஒருவர் இருந்தால்தானே அது கெட முடியும்?

"கவனிப்புக் கேடு" எளிமையாக இருக்குமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். சென்னையில் "நல்லா கவனிச்சாங்க" என்றால் என்னென்ன அர்த்தம் வரும் என்று அவருக்கே தெரியும். லஞ்சம், ஸ்டேஷன் அடி இரண்டும் அதில் அடக்கம்.

> அடித்ததைக் "கேடு" என்று எழுதினால் வழக்கு நீர்த்துவிடும்.

வக்கீல் சார், இது நியாயமான பயம். ஆனால் புகாரில் நடந்ததை நடந்தபடிதான் எழுதப் போகிறோம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமே உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும், பொருளாதாரம் என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பெயர்களில் நாம் கை வைக்கவில்லை. பேணற்கேடு மேலே விரிக்கிற குடை மட்டும்தான். சொல் பார்த்துப் போட வேண்டும் என்பதற்கு அதே சட்டத்தைத்தான் உதாரணம் காட்டுவேன். யார்மேல் புகார் தரலாம் என்ற இடத்தில் அதில் "வயதுவந்த ஆண்" என்று இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான், ஒரு தாய் மகன்மேல் மட்டும் இல்லாமல் மகள்மேலும் மருமகள்மேலும் புகார் தர வழி திறந்தது. நீங்கியது இரண்டே சொல். அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவரும் ஒரு தாய்தான்.

ஆங்கிலத்தைப் பார்த்து நாம் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. 1975இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு வந்த கடிதத்தில் இதற்கு வைத்த பெயர் "கிரானி பேட்டரிங்", பாட்டியடி. அவர்களும் அடியில் ஆரம்பித்து, பிறகு அகலமாக்கிக்கொண்டவர்கள்தான்.

வயதான பெண்களை "மூதாட்டி" என்று எழுதுவது பற்றி: அது "மூதாட்டியிடம் நகை பறிப்பு" செய்திகளுக்கே இருக்கட்டும். சட்டப்படி 60 வயதில் மூத்த குடிமகன். 62 வயதில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வேளச்சேரிக்கும் தி.நகருக்கும் போய்வருகிற என் பெரியம்மாவை மூதாட்டி என்று எழுதினால் எனக்குத் தீபாவளிப் பட்சணம் கிடைக்காது. பழைய இலக்கணக்காரர்கள் பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்துவிட்டு, நாற்பது வயதோடு கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் பெண்ணுக்குப் பெயர் இல்லை. "வயதான பெண்கள்" என்றே போடுகிறேன்.

கடைசியாக, கேள்வித்தாள். கனடாவில் மருத்துவர்களுக்காக உருவாக்கிய ஒரு சிறு வினாத்தொகுப்பு இருக்கிறது. ஆறே கேள்வி. ஐந்து அவரிடம் கேட்பது, ஆறாவது நாம் பார்த்து நிரப்புவது. ஐந்திலும் "அப்யூஸ்" என்ற சொல்லே கிடையாது. சாப்பாடு, மருந்து, கண்ணாடி, காது மெஷின் கிடைக்காமல் யாராவது தடுத்தார்களா? கூனிக்குறுகிப் போகிற மாதிரி யாராவது பேசினார்களா? விருப்பம் இல்லாமல் கையெழுத்துக் கேட்டார்களா? இப்படித்தான் போகிறது. காது மெஷினைப் படித்ததும் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன். பேணற்கேடு நம் தலைப்பில் இருக்கட்டும், பாட்டியிடம் போக வேண்டாம்.

அக்கா சனிக்கிழமை வகுப்பில் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

---

தம்பிக்கு,

சொல்லிப் பார்த்தேன். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். போர்டில் எழுதி முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பேன் கேடா மேடம்?" வகுப்பே சிரித்துவிட்டது. நம் ஊரில் ணகரம் என்ன பாடுபடுகிறது என்பதைப் புலவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறீர்கள். சரி, ஒரு ஹால் வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? குளிக்க வைக்கும்போது, தலை வாரும்போது. கதவு சாத்தியிருக்கும், பின்னால் நிற்பதால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய சங்கடமும் அவர்களுக்கு இல்லை. ஒரு பெண் நோட்டில் "பேன் பார்க்கும்போது கேட்க வேண்டியது" என்றே தலைப்புப் போட்டுக்கொண்டாள். போகட்டும், மறக்காது.

இன்னொன்று. இடைவேளையில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரி டியூப்பைப் பிடுங்கிவிடுகிறார் என்று ஒரு அம்மாவின் கையைத் துப்பட்டாவால் கட்டிலோடு கட்டச் சொன்னார்களாம். கட்டியிருக்கிறாள், நாலு ராத்திரி. "அது பேணற்கேடா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பவே தெரியும், என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

வதை என்று எழுதியிருந்தால் அவள் என்னிடம் வந்திருக்க மாட்டாள். கொடுமை என்றாலும் அப்படித்தான். எனக்கு இந்தச் சொல் போதும்.

---

அக்கா,

நன்றி. தலைப்பிலும் பதிவேட்டிலும் "பேணற்கேடு", சட்டப் பகுதியில் சட்டத்தின் சொற்கள், பேச்சுக் கேள்விகளில் இரண்டும் இல்லை. இந்த ஏற்பாட்டோடு அச்சுக்குக் கொடுக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பெண்கள் உதவி எண் 181, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். புலவர் ஐயா, ணகரத்துக்கு அடிக்குறிப்பு ஒன்று எழுதித் தருவீர்களா? "நாக்கை மடித்துச் சொல்லவும்" என்று மட்டும் இருந்தால் போதும்.

வேறொரு சொல் பாக்கி இருக்கிறது. அந்தப் பெண் சொன்ன துப்பட்டா விஷயம், கையேட்டில் "ரெஸ்ட்ரெயின்ட்" என்ற தலைப்பில் வருகிறது. இயக்கத் தடை, உடற்கட்டுப்பாடு, அசைவு மறுப்பு என்று மூன்று எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். "கட்டிவைத்தல்" என்றே போட்டுவிடலாமா?