புதுப்பிப்பு: லொறி லீசிங்கும் கூலி ஒப்பந்தமும்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றும் ஒப்பந்தத்தை நம்பி, லீசிங்கில் (நிறுவனம் வாங்கித் தரும் வாகனத்துக்கு மாதத் தவணை கட்டும் முறை) சொந்த லொறி எடுக்கலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அண்ணன்மாருக்கு நன்றி. ஒப்பந்தப் பத்திரத்தை வரி வரியாக வாசித்த பின், இப்போதுள்ள நிபந்தனைகளில் கையொப்பமிடுவதில்லை என்று தீர்மானித்துள்ளேன்.

தவணைத் தொகையை விட என்னை யோசிக்க வைத்தது கூலி, அதாவது அரிசி ஏற்றிச் செல்வதற்கான கட்டணம், கைக்கு வரும் நாள்தான். பில் கொடுத்து 45 நாட்களின் பின்னரே காசோலை கிடைக்கும். லீசிங் தவணையோ மாதாமாதம் கட்டப்பட வேண்டும், டீசலுக்கும் உதவியாளரின் சம்பளத்துக்கும் அன்றன்றே காசு வேண்டும். கூலியும் தொன் கணக்கில், ஏற்றிச் செல்லும் வழிக்கு மட்டுமே. ஹபரணை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வெறும் லொறியாகத் திரும்பினால் அந்தச் செலவு முழுவதும் என் தலையில்தான். டீசல் விலை ஏறினால் கூலி திருத்தப்படும் என்ற வாசகம் எங்கும் இல்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் நின்ற எவரும் அதைச் சும்மா விடமாட்டார்.

லீசிங் முடியும்வரை லொறியின் முழு உரிமை லீசிங் நிறுவனத்திடம் இருப்பதும், முழுக் காப்புறுதி நம் செலவாவதும் வழமையானவை. அவற்றில் எனக்கு மறுப்பில்லை. இடையில் கட்டி முடித்தால் மிகுதி வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். டீசல் வாசகமும் குறுகிய கொடுப்பனவுக் காலமும் ஒப்பந்தத்தில் சேர்ந்தால் மறுபடி பேசுவேன். அதுவரை முதலாளியின் லொறியையே சம்பளத்துக்கு ஓட்டுவேன்.