ஜப்பானில் பழைய வீடுகள் பார்க்கப் போகிறோம், எங்கே போகலாம்?

அம்மாப்பேட்டை தறிவீடு

வணக்கம். தம்பி நகோயாவில் வேலை செய்கிறான், நவம்பரில் நானும் அம்மாவும் அவனிடம் போகிறோம். கோட்டை, கோயில், புல்லட் ரயில் எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். எனக்கு வேண்டியது பழைய வீடுகள். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மரவீடுகளைக் காப்பாற்றி வைத்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்களாமே, அது எந்தெந்த ஊரில்?

சும்மா வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் பழைய ஓட்டு வீடு, அப்பா பட்டு நெய்த குழித்தறி இன்னும் முன்கூடத்தில் இருக்கிறது. இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்பலாம் என்று பெரியப்பா வீட்டில் பேச்சு. தூண் அடியில் உளுத்துவிட்டது, இனி தாங்காது என்கிறார்கள். மரத்தையும் மண்ணையும் வைத்துக் கட்டினதை அங்கே எப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். கயிறு கட்டித் தள்ளி நிற்கச் சொல்வார்களா, உள்ளே உட்கார விடுவார்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நகோயா ஆத்தூரான்

அக்கா, நகோயாவிலிருந்து என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் தகயாமா. ஹிதா என்ற எக்ஸ்பிரஸ் ரயில், சுமார் இரண்டரை மணி நேரம், ஆற்றை ஒட்டியே மலை ஏறும். அங்கே குசகாபே வீடு, யோஷிஜிமா வீடு என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். 1875 தீ விபத்தில் எரிந்துபோன குசகாபே வீட்டை 1879-இல் திரும்பக் கட்டினார்கள். யோஷிஜிமா சாக்கே என்ற அரிசி மது தயாரித்த குடும்பம், அந்த வீடும் எரிந்து 1907-இல் மறுபடி எழுந்தது. அதைக் கட்டின ஆசாரி பெயரை, நிஷிதா இசபுரோ என்று, இன்றுவரை சொல்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பழைய வீட்டுக்கு ஆசாரி பெயர் தெரியும்?

யோஷிஜிமாவில் நுழைந்ததும் மண்தளம், அங்கே நின்று நிமிர்ந்து பாருங்கள். மேலே கூரைவரை மறைப்பே இல்லை, உத்தரமும் குறுக்குக்கட்டையும் தூணும் ஒன்றுக்குள் ஒன்றாக ஏறிப் போகும், உயரத்தில் இருக்கும் ஜன்னல் வழியாக வெளிச்சம் சாய்வாக இறங்கும். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள், டூர் பஸ் கூட்டம் வருவதற்குள் நிதானமாகப் பார்க்கலாம்.

உட்காரலாமா என்றால், பெரும்பாலும் சரி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறைகளில் நடக்கலாம், தோட்டத்தைப் பார்த்து உட்காரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். கயிறு கட்டின இடம் சில உண்டு, அதை மட்டும் தாண்ட வேண்டாம்.

சேர்வராயன் காபி

தகயாமாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஷிரகாவா-கோ என்ற புல்கூரை வீட்டு ஊர் வந்துவிடும், அதை விட்டுவிடாதீர்கள். நான் ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமம், மூங்கில் தட்டி வைத்து மண் பூசிப் புல் வேய்ந்த வீட்டில் வளர்ந்தவன், அதனால் அந்த ஊரைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை.

அங்கே கூரை கிட்டத்தட்ட 60 டிகிரி சரிவு, பனி தங்காமல் வழுக்கி விழ வேண்டுமே. மேல்கூரைச் சட்டத்தில் இரும்பு ஆணியே இல்லை, கயிறும் வளைந்து கொடுக்கிற கொம்புகளும் வைத்துக் கட்டியிருப்பார்கள், காற்றும் பனிச்சுமையும் வரும்போது கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அந்தப் பெரிய பரணில் என்ன செய்தார்கள் தெரியுமா, பட்டுப்புழு வளர்த்தார்கள்! இரண்டு மூன்று அடுக்கு, எல்லாம் புழுத் தட்டுக்காக. பட்டு நெய்த வீட்டுப் பெண்ணான நீங்கள் அந்தப் பரணில் ஏறி நிற்பதும் வேறொருவர் நிற்பதும் ஒன்றல்ல. வாதா வீடு என்று ஒன்று இருக்கிறது, ஊர்த்தலைவர் குடும்பம், வெடியுப்பு வியாபாரம் செய்தவர்கள். இன்றும் அந்தக் குடும்பம் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டே மீதியைத் திறந்துவிட்டிருக்கிறது. கீழே அடுப்புப் புகை மேலே ஏறிப் புல்லையும் கயிற்றையும் பூச்சியிலிருந்து காக்கும். எங்கள் வீட்டிலும் பாட்டி அடுப்பை நிறுத்தியபிறகுதான் கூரை சீக்கிரம் மக்கியது.

புல்லை முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஊரே சேர்ந்து ஏறும். எங்கள் பக்கம் கூரை வேயும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்த காலமும் இருந்தது, இப்போது சிமெண்ட் ஷீட், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அவர்களும் அந்த நிலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், அணைக்கட்டு வந்தது, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், வீடுகள் விலைபோயின. 1971-இல் ஊர்க்காரர்களே கூடி, விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் வந்தது 1995-இல், அதாவது ஊர் முடிவெடுத்து இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து. உங்கள் பெரியப்பாவிடம் இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

குகை மரவேலை

அம்மா, நான் சேலத்தில் தச்சு வேலை செய்கிறேன், வேலைக்காக ஒரு முறை அங்கே போய்வந்தேன். தூண் அடி உளுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், அதற்காகவே பதில் போடுகிறேன்.

அங்கே முழுத்தூணையும் தூக்கிப் போடுவதில்லை. உளுத்த அடியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டுப் புது மரத்துண்டைக் கழுந்து வைத்துக் கச்சிதமாகச் சேர்க்கிறார்கள். பழைய வீட்டில் எங்கே போனாலும் தூணின் கால்பகுதியைக் குனிந்து பாருங்கள், நிறம் மாறுகிற இடத்தில் கூட்டு தெரியும். தூணைக் கல்மேல் நிறுத்தியிருப்பார்கள், கூரை விளிம்பு நன்றாக வெளியே நீண்டிருக்கும், சாரல் மரத்தைத் தொடாது. நம் ஊர்ப் பழைய ஆசாரிகளுக்கும் இது தெரிந்ததுதான், தூணுக்கு அடியில் கல் வைத்துத்தான் நிறுத்தினார்கள். பிறகு சிமெண்ட் தளம் போட்டு உயர்த்தி அந்தக் கல்லையே புதைத்துவிடுகிறோம், ஈரம் நேராக மரத்தில் ஏறுகிறது. உங்கள் வீட்டிலும் தளத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷிரகாவா-கோ பற்றி மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், மதியத்தில் கூட்டம் தாங்காது. கியோத்தோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நிஷிஜின் நெசவாளர் பேட்டை, அங்கே ஒரினாசு-கான் என்று கைத்தறி அருங்காட்சியகம், ஒபி (கிமோனோவுக்கு இடுப்பில் கட்டும் பட்டை) தயாரித்த குடும்பம் இருந்த வீட்டிலேயே நடக்கிறது, தறி ஓடுவதையும் காட்டுகிறார்கள். கியோத்தோ வீடுகள் தெருப்பக்கம் குறுகல், உள்ளே நீளம், நடுவில் சின்ன முற்றம். அம்மாப்பேட்டைச் சந்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வழி கேட்கவே தேவையிருக்காது.

அம்மாப்பேட்டை தறிவீடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. அண்ணா, தளத்துக்குக் கீழே கல் இருக்கிறதா என்று நாளைக்கே பார்க்கச் சொல்கிறேன். ஷிரகாவா-கோ பரணுக்கு அம்மாவால் ஏற முடியுமா?

நகோயா ஆத்தூரான்

படி ஏணி மாதிரி செங்குத்து அக்கா, இறங்குவதுதான் கஷ்டம். அம்மா கீழே அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரட்டும், நீங்களும் தம்பியும் மட்டும் ஏறுங்கள். குட்டையான மடக்கு ஸ்டூல் கொண்டுபோனாலும் பாய்மேல் போடக் கூடாது, கால் பதிந்துவிடும். தோட்டத்தை ஒட்டி மரப்பலகைத் தாழ்வாரம் இருக்கும் வீடுகளில் நம் திண்ணையில் உட்காருவதுபோல் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம், முழங்காலுக்கு அதுதான் நல்லது.

நவம்பரில் தரை சில்லென்று இருக்கும், கெட்டியான காலுறை இரண்டு ஜோடி வையுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், காகிதக் கதவில் இடித்தால் கிழிந்துவிடும். ஷிரகாவா-கோ பஸ்ஸில் பலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், தம்பியை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.