காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றலாமா, வேண்டாமா?

பழையவண்டி:
வண்டி 30 வயதைத் தாண்டியது. நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, ரோட்டரி பம்பு (டீசலை அழுத்தி என்ஜினுக்கு அனுப்பும் பம்பு). டேங்கில் எலெக்ட்ரிக் பம்பு இல்லை, ரோட்டரி பம்பே டீசலை இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க நின்றால் காலையில் 20, 25 வினாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பிறகு உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். அதன்பின் நாள் முழுக்க தொட்டவுடன் ஸ்டார்ட். இரண்டாவது தொல்லை: லோடோடு மேடு ஏறினால் பத்து நிமிடத்தில் இழுவை குறைந்துவிடுகிறது. ஓரமாகக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும். ஃபில்டர் புதுசு. மெக்கானிக் "பம்பு போச்சு, மாத்திடுங்க" என்கிறார். உடனே செய்யலாமா?

பம்புமேசை:
செய்யலாம். பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாலு நாசிலையும் கழற்றிக் கலிபிரேஷன் பெஞ்சில் (சோதித்து அளவு சரிசெய்யும் மேசையில்) ஏற்றுங்கள். நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். அந்தக் காலத்து ரப்பர் சீல்கள் சல்ஃபர் அதிகமாக இருந்த டீசலில் உப்பிப்போய் இறுக்கமாக உட்கார்ந்திருந்தவை. சல்ஃபரைக் குறைக்கும் சுத்திகரிப்பில் சீலை உப்ப வைக்கும் அரோமாட்டிக் பொருள்களும் குறைந்துவிடும். அந்த டீசல் வந்தபின் பழைய சீல்கள் சுருங்கிக் கசிய ஆரம்பித்தன. இன்னொன்று, இந்தப் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடும் டீசல்தான் ஆயில். "ஹோஸைப் பார்க்கிறேன், கிளிப்பைப் பார்க்கிறேன்" என்று மூன்று மாதம் ஏர் கலந்த டீசலில் ஓட்டினால், இன்று நன்றாக இருக்கும் பம்பும் அன்று தேய்ந்திருக்கும்.

குழாய்வழி:
மறுக்கிறேன். பம்பின் ஹெட்டும் பிளஞ்சரும் (டீசலை அழுத்தும் உள்பாகங்கள்) தேய்ந்திருந்தால் தொல்லை காலையில் வராது, சூட்டில் வரும். சூடான டீசல் மெலிந்து தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடும், நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழாது. ஓடிவந்து நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாமல், பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆனால் அப்போது பம்பைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இவர் வண்டி சூட்டில் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

பழையவண்டி, ஒரு கேள்வி. காலையில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா?

பழையவண்டி:
முதல் 15 வினாடி துளிக்கூட வராது. அப்புறம் வெள்ளையாக வரும், உடனே ஸ்டார்ட்.

குழாய்வழி:
அப்படியானால் ஹீட்டர் பிளக்கை (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்குவது) சந்தேகப்பட வேண்டாம். ஹீட்டர் பிளக் போயிருந்தால் முதல் சுற்றிலேயே வெள்ளைப் புகை வரும்: டீசல் போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. நாளைக் காலை சாவியைத் தொடுவதற்கு முன் ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பை அடியுங்கள். முதலில் லொட லொட என்று இருந்து, பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு கல் போல் இறுகி, அதன்பின் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனால் விஷயம் தெரிந்துவிட்டது.

பம்புமேசை:
என்ன தெரிந்துவிட்டது? டீசல் இறங்கியது தெரியும். காற்று எந்த வழியாக நுழைந்தது என்று தெரியாது. டீசல் கீழே இறங்க மேலே எங்கோ காற்று நுழைந்தாக வேண்டும். ரோட்டரி பம்பின் ஆக்சிலேட்டர் லீவர் ஷாஃப்டில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கிறது. அது தேய்ந்தாலும் இதே காலைத் தொல்லைதான். என் பெஞ்சுக்கு வருகிற பம்புகளில் நான் அடிக்கடி மாற்றுவது அதைத்தான். "காலைத் தொல்லை என்றால் பம்பு இல்லை" என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள்.

குழாய்வழி:
அந்த ஓ-ரிங்கை ஒத்துக்கொள்கிறேன், நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் என்ஜின் ஓடும்போது பம்பின் உள்ளே அழுத்தம் இருக்கும், அந்த ஓ-ரிங் கசிந்தால் லீவரின் கீழே ஈரம் தெரியும். துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் போதும். அப்போதுகூட மாற்ற வேண்டியது ஒரு ஓ-ரிங்கை, முழுப் பம்பை அல்ல.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் வழிதான் கண்ணில் படாத இடம். அங்கே இருப்பது உறிஞ்சல். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. காய்ந்த கையோடு தடவிப் பார்த்து "கசிவே இல்லை" என்று போய்விடுவார்கள். பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண், ரிட்டர்ன் வழியில் (மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் வழி) ஒரு சாண், கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைப் போடுங்கள். நுழையும் இடத்திலேயே குமிழி ஓடினால் காற்று பம்புக்கு முன்னால் நுழைகிறது. அங்கே சுத்தமாக இருந்து ரிட்டர்னில் மட்டும் குமிழி என்றால் பம்பையோ நாசில் ரிட்டர்ன் ஹோஸையோ பாருங்கள்.

இரட்டைவயர்:
எதற்கு இவ்வளவு? டேங்க் பக்கத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்பு மாட்டுங்கள். என் வண்டியில் இதே தொல்லை, மாட்டிய நாளிலிருந்து போயே போச்சு. வருஷக் கணக்கில் ஓடுகிறது.

குழாய்வழி:
தொல்லை போகவில்லை, மறைந்திருக்கிறது. உறிஞ்சலாக இருந்த வழி தள்ளலாக மாறியதும் காற்று போன ஓட்டை வழியாக டீசல் வெளியே வரும். சூடான என்ஜின் பக்கத்தில் சொட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சோதனைக்கு மட்டும் மாட்டுவதானால் அது மிக நல்ல வழி, சொட்டுகிற இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

பம்புமேசை:
இதில் நான் குழாய்வழி பக்கம். கூடுதலாக ஒன்று: இந்தவகைப் பம்பில் உள் அழுத்தம்தான் டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை, முன்னே தள்ளுகிறது. கையில் கிடைத்த எலெக்ட்ரிக் பம்பை மாட்டி அழுத்தத்தை ஏற்றினால் டைமிங்கும் மாறும். "வண்டி சத்தமாக ஓடுகிறது" என்று அப்புறம் என்னிடம்தான் வருவார்கள்.

குழாய்வழி:
பழையவண்டி, பம்பையும் வழியையும் பிரித்துப் பார்க்க இன்னொரு சோதனை. ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பானெட் உயரத்தில் வைத்து, நேராகப் பம்புக்குக் கொடுங்கள், ரிட்டர்னையும் அதே கேனுக்குள் விடுங்கள். தொல்லை போய்விட்டால் பம்பு நல்ல பம்பு.

பம்புமேசை:
இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கேனை மேலே வைத்தால் டீசல் தானே இறங்கி வரும். ரோட்டரி பம்புக்குள் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன இறக்கைப் பம்பு ஒன்று இருக்கிறது, அது உறிஞ்ச வேண்டிய வேலையே இல்லை. அது தேய்ந்திருந்தாலும் சோதனையில் பாஸ் ஆகிவிடும். கேனைத் தரையில் வையுங்கள். தரையிலிருந்து இழுத்து ஓட்டினால் நான் பேசாமல் போய்விடுகிறேன்.

குழாய்வழி:
சரி, இது நியாயம். தரையிலேயே வைக்கட்டும். இத்தனை வருஷம் நானும் மேலேதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மேடு ஏறும் தொல்லைக்குக் கேன் உதவாது. பம்புக்கு முன்னால் ஒரு வேக்கம் கேஜை (உறிஞ்சலை அளக்கும் மீட்டர்) இணைத்து, நீள ஹோஸ் போட்டு, கேஜ் ஓட்டும்போது கண்ணில் படும்படி வையுங்கள். மேட்டில் முள் ஏறிக்கொண்டே போனால் வழியில் அடைப்பு. முள் ஏறாமல் இழுவை மட்டும் குறைந்தால் அடைப்பு இல்லை, காற்றோ பம்போ.

பம்புமேசை:
ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும். சிலர் ஐடிலில் நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். இந்தப் பழைய பம்பில் அது நடக்கும், ஆனால் நாசில் திறக்கவே 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் வேண்டும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துப் போகும். கையைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கசிவு தேட அட்டையை நீட்டுங்கள். காமன் ரெயில் (புதுவகை டீசல் முறை) வண்டியில் இந்த வேலையே கூடாது, அங்கே 1000 பாரைத் தாண்டும்.

பழையவண்டி:
மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கை பம்பு 12 அடிக்குப் பிறகுதான் இறுகியது, ஒரே சுற்றில் ஸ்டார்ட். பம்பு லீவரின் கீழே ஈரம் இல்லை. பம்புக்கு நுழையும் ஹோஸில் குமிழி ஓடியது. ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அங்கே குமிழி இல்லை. அதாவது ஃபில்டர் தலை. கை பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு) ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. தரையில் வைத்த கேனிலிருந்தும் வண்டி சிரமமில்லாமல் இழுத்து ஓடியது.

ஃபில்டர் தலையை மாற்றியபின் காலைத் தொல்லை இல்லை. மேட்டில் மட்டும் பழைய கதை. கேஜ் முள் ஏறிக்கொண்டே போனது. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டினேன், மாற்றமில்லை, அதனால் காற்றுத் துளை அடைப்பு இல்லை. டேங்கை இறக்கினேன். உள்ளே உறிஞ்சு குழாய் நுனியில் இருக்கும் வலை முழுக்கக் கறுப்புக் கொழகொழப்பு, அடியில் தண்ணீர். நிறுத்தினால் அது வலையிலிருந்து விலகிவிடுகிறது, ஓடினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது போல. கழுவி, தண்ணீர் எடுத்து மாட்டினேன். நேற்று அதே லோடு, அதே மேடு, நிற்காமல் ஏறியது.

குழாய்வழி:
கேட்கவே நிறைவாக இருக்கிறது. பம்பைத் தொடாதீர்கள்.

பம்புமேசை:
பம்பைத் தொட வேண்டாம், நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அடியில் தண்ணீர் இருந்த டேங்க் அது. நாலு நாசிலையாவது டெஸ்டரில் ஏற்றிப் பாருங்கள். நுனி துருப்பிடித்துச் சொட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும்.

குழாய்வழி:
புகை இல்லை, உதறல் இல்லை. ஓடுகிற நாசிலை ஏன் கழற்ற வேண்டும்?

பழையவண்டி:
தண்ணீர் ஃபில்டரைத் தாண்டிப் போனதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். இப்போது இருக்கும் ஃபில்டரை 500 கிலோமீட்டரில் கழற்றி, அறுத்துப் பிரித்து, காகிதத்தில் துருக் கறை இருக்கிறதா என்று இங்கே எழுதுகிறேன். கறை இருந்தால் நாசிலை அனுப்புகிறேன்.