ஜெர்மனியில் ஆண்களுக்கான சானா: முதன்முறை செல்பவர் அறிந்திருக்க வேண்டியவை

கேள்வி: டூல்ரூம் தம்பி, ஓசூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமம் சொந்த ஊர். ஓசூர் சிப்காட்டில் வேலை. இயந்திரப் பயிற்சிக்காக அடுத்த மாதம் மூன்று வாரம் ஜெர்மனிக்குச் செல்கிறேன். துபாயில் விமானம் மாற வேண்டும். நான் தன்பாலீர்ப்பாளன் என்பதை இதுவரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்றே அங்கே சானாக்கள் (வெப்ப அறையில் அமர்ந்து வியர்க்கும் குளியல் நிலையங்கள்) சட்டப்படி நடைபெறுகின்றன என்று படித்ததிலிருந்து, என்னைப் போன்றவர்கள் ஒளிந்துகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கும், சென்றுவிட்டால் எதற்கும் உடன்பட்டே ஆக வேண்டுமா, நோய்த்தொற்றுக்கு என்ன முன்னேற்பாடு, நிறுவனத்துக்கோ வீட்டுக்கோ தெரியவருமா என்று ஆயிரம் அச்சம். அனுபவமுள்ளவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பாலக்கோட்டான்

தம்பி, ஆறு ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பொதுச் சானாக்களில் ஆண், பெண் எல்லாரும் ஆடையின்றித்தான் அமர்வார்கள். பலகையில் வியர்வை படாமல் துண்டை விரித்து உட்கார்வது அங்கே மரியாதை. அதற்கும் பாலியல் விருப்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே யாரையும் அந்த நோக்கத்தோடு பார்ப்பதே தவறு. நீங்கள் கேட்பது ஆண்களுக்கென்றே அறிவித்து நடத்தப்படும் நிலையங்களை. பெர்லின் மெரிங்டாம் தெருவில் உள்ள 'பாய்லர்' அப்படிப்பட்டது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை ஜெர்மனி 1994இல் முழுமையாக நீக்கிவிட்டது. ஆகவே அங்கே நுழைவதில் சட்டச் சிக்கல் இல்லை.

வாசலில் வயதை உறுதிசெய்ய அடையாள அட்டை கேட்கலாம். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கட்டணத்தைப் பணமாகச் செலுத்துங்கள். நிறுவனம் கொடுத்த அட்டையை அங்கே எடுக்கவே வேண்டாம். ஒரு துண்டும் லாக்கர் சாவியும் தருவார்கள். சாவி ரப்பர் பட்டையில் இருக்கும். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். கைப்பேசி லாக்கருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற விதி உங்களைக் காக்கும் விதி. யாரும் உங்களைப் படம் பிடிக்க முடியாது. பிறகு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குச் செல்ல வேண்டும்.

உலர் சானாவில் வெப்பம் 80, 90 டிகிரி இருக்கும். தருமபுரி வெயிலைப் பார்த்த உடம்புதானே என்று நான் முதல் நாள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெளியே வந்து குளிர்ந்த நீரில் நனையுங்கள்; தண்ணீர் நிறையக் குடியுங்கள்; மது வேண்டாம்.

இவற்றைத் தாண்டி ஓய்வறை, சிறு தனியறைகள், வெளிச்சம் குறைந்த பகுதி ஆகியவை இருக்கும். பாலியல் உறவுகள் நடப்பது அங்கேதான். நீங்கள் எதிலும் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லை. நீராவியில் அமர்ந்து, ஒரு தேநீர் குடித்து, இரண்டு பேரோடு பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே பேச்சு குறைவு. கண்ணோடு கண் பார்ப்பதுதான் கேள்வி. விருப்பமில்லை என்றால் பார்வையை விலக்கினால் போதும். என் முழங்காலில் ஒரு முதியவர் மெல்லக் கையை வைத்தார்; நான் அந்தக் கையை எடுத்து அவர் பக்கமே வைத்தேன்; அவர் தலையை அசைத்துப் புன்னகைத்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான். அதை மீறி யாராவது தொந்தரவு செய்தால் பணியாளரிடம் சொல்லுங்கள், அவரை வெளியேற்றிவிடுவார்கள். அதே மரியாதையை நீங்களும் பிறருக்குக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த அறையில் நிற்கிறார் என்பதாலேயே ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று பொருளில்லை.

உள்ளே நுழைந்ததும் அவசர வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் எவரார்ட் என்ற குளியல் நிலையத்தில் 1977 மே மாதம் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வளைந்து வளைந்து செல்லும் நடைபாதைகள் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் இந்தக் கவனம் தேவை.

பதில்: நம்பிக்கை மைய ஆலோசகர், ஓய்வு

தருமபுரி மாவட்டத்தில் பல ஆண்டுகள் எச்.ஐ.வி. ஆலோசகராகப் பணியாற்றியவன் நான். தம்பி கிளம்புவதற்கு முன்பே கேட்டது மிகவும் நல்லது, ஏனென்றால் என்னிடம் வந்தவர்களில் பலர் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வந்தார்கள்.

ஆணுறை முதல் தேவை. அதோடு நீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான வழவழப்பு ஜெல்லை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒகேனக்கல்லில் உடம்புக்குத் தேய்க்கிற எண்ணெய் ஆனாலும், வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஆனாலும், லேட்டக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களில் வலுவிழக்கச் செய்துவிடும். இந்த ஒரு செய்தி தெரியாமல் ஆணுறை கிழிந்து அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ப்ரெப் மாத்திரை. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரு மருந்துகள் சேர்ந்த இதைத் தொற்று வருவதற்கு முன்பே உட்கொள்வதால் எச்.ஐ.வி. வராமல் மிகச் சிறப்பாகத் தடுக்கலாம். நாள்தோறும் ஒன்று என்பது ஒரு முறை. ஆண்களுக்கு இன்னொரு முறையும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன்பு இரண்டு மாத்திரை, அந்த இரண்டை உட்கொண்டதிலிருந்து 24 மணி நேரம் கழித்து ஒன்று, 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று உள்ளவர்களுக்கு இந்த இரண்டாம் முறை ஏற்றதல்ல, ஆகவே எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சிறுநீரகம் ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை செய்துவிட்டு, மருத்துவர் சீட்டுடன்தான் வாங்க வேண்டும்.

பெப் என்பது வேறு. பெயர் ஒலியால் பலர் குழம்புகிறார்கள். அது ஆணுறை கிழிந்தது போன்ற ஆபத்துக்குப் பிறகு எடுப்பது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது என்று தொடங்கி, 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். அங்கேயே அப்படி நேர்ந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ப்ரெப் எச்.ஐ.வி.யைத்தான் தடுக்கும், சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பிற பால்வினை நோய்களைத் தடுக்காது. சிஃபிலிஸ் புண் வலிக்காது. தானாக ஆறியதுபோலத் தோன்றும், கிருமி உள்ளேயே இருக்கும். கொனோரியா தொண்டையில் அறிகுறியே இல்லாமல் தங்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரியாது. என்ன வகை உறவு என்பதை மருத்துவரிடம் மறைத்தால் எங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? திருமணமான ஆண்களுக்கு இதைச் சேர்த்துச் சொல்கிறேன்: பரிசோதனை முடிவு வரும்வரை மனைவியிடம் ஆணுறையில்லாமல் செல்லாதீர்கள், அந்தப் பெண்ணின் உடல்நலமும் உங்கள் கையில் இருக்கிறது.

பாப்பர்ஸ் என்ற முகரும் திரவத்தை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயாகரா வகை மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெப்பமான அறையில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் கோப்பையைக் கண்பார்வையை விட்டு வைக்காதீர்கள்.

பதில்: தளி ரோட்டுக்காரர்

தம்பி ஜெர்மனியைக் கேட்டார். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூரு இருப்பதால் இதையும் எழுதுகிறேன். செயலியில் 'ஆண்கள் சானா' என்ற விளம்பரத்தை நம்பி நான் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். சட்டையைக் கழற்றிய ஐந்தாவது நிமிடம் இரண்டு பேர் உள்ளே வந்து படம் எடுத்தார்கள். மனைவிக்கு அனுப்புவோம் என்று மிரட்டி 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வெட்கத்தால் புகார் கொடுக்காமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய பிழை. அடுத்த மாதமும் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

வயது வந்தவர்கள் தனிமையில் மனம் ஒப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்துவிட்டது. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு அதற்குரியது. இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

துபாய் பற்றி ஒரு சொல். அமீரகத்தில் தன்பாலுறவு குற்றம், மலேசியாவிலும் அப்படியே. சிங்கப்பூர் 2023 ஜனவரியில்தான் அந்தச் சட்டத்தை நீக்கியது. விமானம் மாறும் நேரத்தில் டேட்டிங் செயலியைத் திறக்காதீர்கள். கிளம்பும் முன்பே கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்: டூல்ரூம் தம்பி

மூன்று அண்ணன்களுக்கும் நன்றி. கையை எடுத்து அவர் பக்கமே வைத்ததாக எழுதிய வரியைப் படித்தபோதுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. பரிசோதனைக்குக் கிருஷ்ணகிரிக்கே போக நினைக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது?

பதில்: நம்பிக்கை மைய ஆலோசகர், ஓய்வு

கிருஷ்ணகிரியில் தயக்கமாக இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த ஊர்க்காரரும் எந்த நம்பிக்கை மையத்துக்கும் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போகலாம், கட்டணம் கிடையாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. முன்கூட்டியே பேச வேண்டுமானால் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இதுவரை போடாதிருந்தால் முதல் ஊசியை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஊசியும் முடிய ஆறு மாதம் ஆகும். வரிசையில் தெரிந்தவர் நின்றால் 'ரத்தப் பரிசோதனைக்கு வந்தேன்' என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. மற்றதை உள்ளே, கதவு சாத்திய அறையில், ஆலோசகரிடம் மட்டும் பேசிக்கொள்ளலாம்.