வைல் சுழல் முடிந்ததும் கூட்டுத்தொகை பூச்சியமாகிவிடுவது ஏன்?

காலிவீதிக்காரன்:

வணக்கம். வெள்ளவத்தையில் உள்ள ஒரு புத்தக விநியோக நிலையத்தின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, தெகிவளை ஆகிய இடங்களின் கடைகளிலிருந்து மாலையில் வரும் விற்பனைப் பட்டியல்களை ஒரே கோப்பாகச் சேர்த்து, உபுண்டு இயங்குதளத்தில், கட்டளைகளை நிறைவேற்றும் பாஷ் ஷெல்லுக்காக எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றினால் கூட்டுகிறேன். ஒவ்வொரு வரியிலும் கடையின் பெயர், வாங்கியவரின் தொலைபேசி இலக்கம், தொகை ஆகிய மூன்றும் டாப் எழுத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

கோப்பை வெளியிடும் கேட் கட்டளையின் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் | குறி) வழியாக, வரிக்கு வரி வாசிக்கும் வைல் ரீட் சுழலுக்குள் செலுத்துகிறேன். சுழலின் உள்ளே எக்கோ கட்டளையால் அச்சிட்டுப் பார்த்தால் கூட்டுத்தொகை வரிக்கு வரி ஏறுகிறது. சுழல் முடிந்த கையோடு அதே மாறியை அச்சிட்டால் 0 என்றே வருகிறது. உள்ளே தெரியும் தொகையும், கையால் கூட்டிப் பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. காரணம் அறிந்தவர்கள் விளக்க முடியுமா?

ஷெல்பிரியன்:

பூச்சியத்துக்குக் காரணம் பைப்தான். பாஷில் பைப்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிச் சப்ஷெல்லில் ஓடுகிறது. அது தாய் ஷெல்லின் பிரதி என்பதால், உங்கள் மாறி உள்ளே ஏறுவதெல்லாம் அந்தப் பிரதியில் மட்டுமே நிகழ்கிறது. சுழல் முடியும்போது பிரதியும் அதிலுள்ள தொகையும் ஒன்றாக மறைந்துவிட, தாய் ஷெல்லில் தொடக்கத்தில் இட்ட 0 அப்படியே நிற்கிறது. கோர்ன் ஷெல்லிலும் இசட் ஷெல்லிலும் பைப்பின் கடைசிப் பகுதி நடப்பு ஷெல்லிலேயே ஓடுவதால், அங்கே எழுதிப் பழகியவர்களுக்கு இது பெரும் புதிராகத் தோன்றும்.

கேட் கட்டளையை நீக்கிவிட்டு, சுழலை முடிக்கும் டன் என்ற சொல்லுக்குப் பின் < குறியை இட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அப்போது சப்ஷெல் உருவாகாது. தரவு கோப்பிலிருந்து வராமல் வேறொரு கட்டளையின் வெளியீடாக வருமானால், டன்னுக்குப் பின் < <( ) என எழுதி, அடைப்புக்குள் அந்தக் கட்டளையை வைக்கலாம். ஆனால் இது பாஷின் வசதி. முதல் வரியில் வெறும் எஸ்எச் என்று எழுதியிருந்தால் உபுண்டுவில் ஓடுவது டாஷ் என்ற வேறொரு ஷெல் என்பதால், அங்கே இது தொடரியல் பிழையாகிவிடும். பாஷ் 4.2 இலிருந்து, பைப்பின் கடைசிப் பகுதியை நடப்பு ஷெல்லிலேயே ஓட்டும் லாஸ்ட்பைப் என்றொரு தெரிவும் உண்டு. எனினும் ஸ்கிரிப்டின் எங்கோ ஓர் மூலையில் இட்ட ஒற்றை வரியை நம்பி முழுக் கணக்கும் நிற்பது எனக்கு உவப்பானதன்று.

ரீட் கட்டளைக்கு -ஆர் தெரிவையும் மறவாமல் சேருங்கள். இல்லாவிடில் தரவில் உள்ள பின்சாய்வுக்கோடுகள் (\) விழுங்கப்படும்.

கொட்டாஞ்சேனையான்:

தொகை குறைவதற்கு, தொலைபேசி இலக்கம் இல்லாத வரிகளைப் பாருங்கள். புலங்களைப் பிரிக்கும் எழுத்து எதுவெனச் சொல்லும் ஐஎஃப்எஸ் மாறியில் டாப் எழுத்தை இட்டாலும் ஷெல் அதை வெற்றிடமாகவே கருதி, அடுத்தடுத்து வரும் இரண்டு டாப்களை ஒன்றாக்கிவிடும். ‘கொட்டாஞ்சேனை’ என்பதற்குப் பின் வெற்றுப் புலமும் அதன் பின் 4500 உம் இருந்தால், 4500 தொலைபேசி மாறிக்குள் போய் அமர, தொகை மாறி வெறுமையாகிறது. வெறுமையான மாறியைப் பாஷ் எண்கணிதத்தில் 0 என்றே கொள்வதால் பிழைச் செய்தியும் வராது. எழுத்துகளை மாற்றும் டிஆர் கட்டளையால் டாப்பை எட்டடிமான (ஆக்டல்) இலக்கம் 037 உடைய எழுத்தாக மாற்றி, அதையே ஐஎஃப்எஸ் மாறியில் இட்டால் வெற்றுப் புலங்கள் தத்தம் இடத்தில் நிற்கும்.

கடைசி வரியின் முடிவில் புதுவரி எழுத்து இல்லாவிட்டால், ரீட் அந்த வரியை மாறிகளில் நிரப்பிய பின்பும் தோல்வி என்றே அறிவிப்பதால், சுழல் அதைத் தொடாமலே நின்றுவிடும். ரீட்டுக்குப் பின் ‘அல்லது’ எனப் பொருள்படும் || குறியை இட்டு, முதல் மாறி வெறுமையாக இல்லையா என்றும் சோதியுங்கள். வெறும் கூட்டல் மட்டுமே தேவையென்றால் புலம் பிரித்துக் கணக்கிடும் ஆவ்க் கட்டளை ஒரே வரியில் முடித்துத் தரும், வெற்றுப் புலமும் கடைசி வரியும் அதற்குத் தொல்லையல்ல.

காலிவீதிக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி, தொகை இப்போது சரியாக வருகிறது. சுழலை நான் விட முடியாது. ஒவ்வொரு வரிக்கும் செட்டியார் தெருக் களஞ்சியத்தின் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் கட்டளைகளை ஓட்டும் வசதி) மூலம் இருப்பைக் குறைக்க வேண்டும். அந்தக் கட்டளையைச் சேர்த்ததும் முதல் வரியோடு சுழல் நின்றுவிடுகிறது.

ஷெல்பிரியன்:

எஸ்எஸ்எச்சும் சுழலின் நியம உள்ளீட்டையே (கட்டளைகள் இயல்பாகத் தரவை வாசிக்கும் வழியையே) பகிர்வதால், எஞ்சிய வரிகள் அனைத்தையும் அதுவே வாசித்துவிடுகிறது. அவ்வாறு வாசிக்காமல் தடுக்க, அதற்கு -என் தெரிவைக் கொடுங்கள். உள்ளே இன்னும் பல கட்டளைகள் சேரும் என்றால், கோப்பை 3 ஆம் விபரிப்பான் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) வழியாகத் திறந்து, ரீட்டுக்கு -யூ 3 எனக் கொடுப்பதே உறுதியானது. அதன்பின் நியம உள்ளீட்டை எது வாசித்தாலும் உங்கள் பட்டியல் குறையாது.